செக்யூரிட்டி மாமனார்

செம்புக் கம்பி தயாரிக்கும் தொழிற்சாலையின் கேட்டில் பத்தொன்பது வருடமாக நிற்கிறார் அந்த செக்யூரிட்டி. அவருக்குப் பேச்சே வராது என்பாள் மனைவி. தொழிலாளிகள் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். யூனிஃபார்ம் மாட்டிவிட்டால், "பையைத் திற, கையைத் தூக்கு, திரும்பு" என்று வாய் ஓயாது. கம்பியை இடுப்பில் சுற்றிக்கொண்டு நழுவப் பார்த்த எத்தனையோ பேரைப் பிடித்தவர்.

அதே தொழிற்சாலையில் கம்பிச் சுருள்களை லாரியில் ஏற்றுபவர் அவருடைய சொந்த மருமகன். வீட்டுக்கு வந்தால் மாமனார் எழுந்து நின்று, "வாங்க மாப்பிள்ளை, நல்லா இருக்கீங்களா?" என்பார். "நல்லா இருக்கேன் மாமா" என்று பதில் வரும். மூன்று வருடத்தில் இருவரும் பேசியது அவ்வளவுதான். கேட்டிலும் மாப்பிள்ளையை மட்டும் அவர் தொடமாட்டார். மற்றவர்கள் முணுமுணுக்காமல் இருப்பார்களா? நிர்வாகம் ஒரு பொத்தானை வைத்தது. வெளியே போகிறவர் அதை அழுத்த வேண்டும். எது எரியும் என்பது குலுக்கல் மாதிரி, யாருக்கும் தெரியாது. பச்சை எரிந்தால் போகலாம். சிவப்பு எரிந்தால் மேனேஜரானாலும் சோதனைதான்.

ஒரு மாலை மாப்பிள்ளைக்குச் சிவப்பு எரிந்தது. பின்னால் இருபது பேர் வேடிக்கை பார்த்தார்கள். மாமனார் தடவிப் பார்த்தார். இடுப்பில் சுற்றுச் சுற்றாக ஏதோ தட்டுப்பட்டது.

கம்பிதான் என்று நினைத்தார் மாமனார். விட்டால் தன் வேலை போகும், பிடித்தால் மகளின் வாழ்க்கை போகும்.

"உள்ள வா" என்றார். மாப்பிள்ளையை ஒருமையில் அழைத்தது அதுதான் முதல் தடவை.

அறைக் கதவைச் சாத்தினார். "சட்டையைத் தூக்கு."

கம்பி இல்லை. பழைய துணியை இறுக்கிச் சுற்றியிருந்தார் மாப்பிள்ளை. அவிழ்த்தால், அடிவயிற்றில் எலுமிச்சை அளவுக்குப் புடைப்பு.

"எவ்வளவு நாளா?"

"ஆறு மாசமா, சார். குடல் இறங்கியிருக்காம். தெரிஞ்சா லோடு வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. வீட்லகூட சொல்லல."

யாருக்காவது உடம்பில் கோளாறு என்று தெரிந்தால் எழுதி கம்பெனி டாக்டரிடம் அனுப்ப வேண்டும். அது கேட்டின் விதி.

"எழுதினீங்கன்னா உங்க வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றார் மாப்பிள்ளை.

மாமனாராக இருந்திருந்தால் அந்த ஒரு வார்த்தைக்கே பேனாவைக் கீழே போட்டிருப்பார். செக்யூரிட்டி எழுதினார்.

மறுநாளே ஆபரேஷன். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் குடல் அழுகியிருக்கும் என்றார் டாக்டர். மாப்பிள்ளைக்கு ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்தது. சபதமெல்லாம் மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. மகள் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"வாங்க மாப்பிள்ளை, நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன் மாமா."

தையல் ஆறிவிட்டதா என்று கேட்கத்தான் அவருக்கு ஆசை. சாப்பிட்டு முடிக்கும்வரை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் மாலை, மாப்பிள்ளை பொத்தானை அழுத்தினார். பச்சை. போகவில்லை, மறுபடி அழுத்தினார். பச்சை. வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள். நாலாவது தடவை சிவப்பு எரிந்தது. நேராக மாமனார் முன்னால் வந்து இரண்டு கையையும் தூக்கினார்.

"தையல் பிரிச்சாச்சு சார். குனிஞ்சா மட்டும் கொஞ்சம் பிடிக்குது. ராத்திரி நல்லா தூக்கம் வருது."

மாமனார் அவர் இடுப்பை மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

"கனமா எதையும் தூக்காதே" என்று அதட்டினார்.