கறுப்புத் திட்டு

பதினொரு குளிர்காலமாக ராய்லிக்கு இதே வேலைதான். பின்லாந்தின் வடகோடி லாப்லாந்துக் காட்டில் கம்பத்தில் நிற்கும் கேமரா மணிக்கொரு முறை பனியைப் படமெடுக்கும். அதன் கண்ணாடியில் படியும் உறைபனியை அவள் சறுக்குக் கட்டைகளில் போய்த் துடைக்க வேண்டும். கேமராவுக்கு முன்னால் மட்டும் போகக் கூடாது, தடம் விழுந்தால் படத்தை வைத்துப் போடும் பனிக் கணக்கு கெட்டுவிடும். பின்பக்கமாகவே சுற்றிச் சுற்றி முட்டி தேய்ந்துவிட்டது.

மார்ச்சில் ஒரு காலை ஆய்வகத்திலிருந்து பெர்ட்டு போனில் கூப்பிட்டான்.

"நேத்து மதியப் படத்துல கறுப்பா ஒரு திட்டு தெரியுதே ராய்லி, அங்க பனி உருகிருச்சா?"

"ஒண்ணும் உருகல. அது நான்தான். முட்டி முடியல, கேமரா முன்னாலயே உக்காந்துட்டேன்."

"அய்யோ! அப்ப அந்தப் படத்தைத் தூக்கிடறேன்."

"தாராளமா தூக்கு. பதினொரு வருஷத்துல நான் இருக்கிற ஒரே படம் அது. ஆனா உக்காந்தவ எந்திரிச்சாளான்னு அடுத்த படத்தைப் பாக்கணும்னு உனக்குத் தோணலையே!"