இடியக்கா திட்ட மறுத்த நாள்

சமையலறைக்குள் இடியக்காவின் கணவர் கையிலிருந்து எவர்சில்வர் தட்டு ஒன்று விழுந்து, உருண்டு, நெடுநேரம் அதிர்ந்து அடங்கியது.

"பாத்தியா, மாமாவே ஆடிப் போயிட்டாரு!" என்றாள் தங்கை. "திரும்பச் சொல்லுக்கா, என்ன சொன்னே?"

"திட்ட வரமாட்டேன்னு சொன்னேன்."

இடியக்கா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பள்ளிச் சீருடைகளுக்குக் காலர் வைத்துத் தைப்பது அவள் தொழில். ஆனால் ஊரறிந்தது அவள் நாக்கைத்தான். வாடகை வீட்டுச் சொந்தக்காரன் தண்ணீரை நிறுத்தினாலும், பக்கத்து வீட்டுக்காரி குப்பையைத் தள்ளினாலும் தெரு சனம் அவளைத்தான் அழைத்துப் போகும். அவள் இடுப்பில் கை வைத்தாலே போதும், எதிராளி உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டுவிடுவான். பெற்றவர்கள் போனபின் தங்கையைக் காத்து ஆளாக்கியதும் அந்த வாய்தான்.

அந்த வாயோடுதான் போன வருஷம் பக்கத்து ஜெபக்கூடத்துக்குப் போனாள், பாட்டுச் சத்தம் காதைக் கிழிக்கிறதென்று. அரை மணி நேரம் போதகரை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவர் மனைவி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காந்து திட்டுங்கம்மா, கால் வலிக்கும்," என்று தண்ணீரை நீட்டினாள். கேலியோ என்று இடியக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை. இவளுக்கும் கால் வலிக்குமே என்று அத்தனை வருஷத்தில் நினைத்தவர் யார்? உட்கார்ந்தவள் ஓவென்று அழுதாள். அடுத்த வாரம் தானாகவே போனாள். அதற்கடுத்த வாரமும். வருகிற ஞாயிறு அவளுக்கு ஞானஸ்நானம்.

"மாமியார் என் பீரோ சாவியைப் பிடுங்கி வெச்சிருக்காக்கா. நீ வந்து நாலு வார்த்தை விட்டா..."

"நாலோட நிக்குமாடி? போன தடவை தெருவே கூடுச்சு." கத்தரியைக் கீழே வைத்தாள். "சனிக்கிழமை வர்றேன். அன்னிக்கு அவங்களை அசிங்கப்படுத்தினதுக்கு மொதல்ல மன்னிப்புக் கேக்கணும். அப்புறம் சாவியைக் கேக்கறேன். கத்தாம."

"கத்தாம கேட்டா யாருக்கா குடுப்பா?"

"தெரியல. ஒரு தடவைகூடக் கேட்டுப் பார்த்ததில்லையே."

கணவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "எனக்கும் இருபது வருஷ மன்னிப்பு பாக்கி இருக்கு."

"வரிசையில நில்லுங்க."

தங்கை சிரிக்கவில்லை. கண்கள் குளமாக எழுந்தாள். "அவகிட்ட நீ பணிஞ்சு போனா, நான் அந்த வீட்டுல எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்? கூடப் பொறந்தவளைவிட சாமி பெருசாப் போச்சு உனக்கு! இனிமே எனக்கு அக்கான்னு யாருமில்ல."

ஐயோ, தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை பேசுகிற பேச்சா இது! பதில்கள் நாக்கு நுனியில் முண்டியடித்தன. அதில் ஒன்றை விட்டாலும் தங்கை சுருண்டு விழுவாள். இடியக்கா பல்லைக் கடித்து அத்தனையையும் விழுங்கினாள்.

"சனிக்கிழமை பத்து மணிக்கு வருவேன்," என்றாள். "நீ என் முகத்துல முழிக்கலைன்னாலும் வருவேன். சாவி கிடைக்கலைன்னா திங்கக்கிழமையும் வருவேன்."

தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு விடுவிடுவென்று படியிறங்கினாள். தெருமுனையில் அவள் தலை மறையும் வரை பார்த்து நின்றுவிட்டு, இடியக்கா கதவைச் சாத்தினாள்.