பெட்டி எங்கங்க?

ஹட்டனில் ஒரு கணினிக் கடையில் அம்மாவும் நானும் கடைக்காரரும் இருந்தோம். அதற்கு முந்தைய மாதம் இறந்த அப்பா இல்லை. என் படிப்புக்குக் கணினி வாங்க அவர் வேலையில் சேர்த்துவந்த சேமலாபப் பணம் இருந்தது.

நரைத்த தாடிக்காரரான கடைக்காரர், திரைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய கணினிகளில் எதையும் முதலில் திருப்பி, முதுகைத்தான் காட்டினார். எனக்கு விலை கூடிய மெல்லியது பிடித்திருந்தது.

“பெட்டி எங்கங்க? வெறும் டிவிய குடுத்து ஏமாத்துறீங்களா?” என்று அம்மா கேட்டார்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. விலை குறைந்த, தடித்த கணினியின் பின்மூடியைக் கழற்றினார். “பெட்டி உள்ளுக்கே இருக்குங்க, தொட்டுப் பாருங்க. நாளைக்கு மெமரியும் கூட்டலாம்.”

“மத்தது?” என்று அம்மா மெல்லியதைக் காட்டினார்.

“அத தொறக்க ஏலாதுங்க. பழுதானா முழுசா மாத்தணும்.”

“அப்ப தொறக்கிறதையே எடு தம்பி,” என்றார் அம்மா என்னிடம்.

எனக்கு மகிழ்ச்சியுமில்லை, வருத்தமுமில்லை. விலை கூடியதை விற்கப் பார்க்காமல் கடைக்காரர் ஏன் விட்டார் என்பது இன்றும் புரியவில்லை. அப்பாவின் பணத்தில் போனது இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய்.