ஏழுகால் சிலந்தியின் படம்

திருடி மாட்டிக்கொண்டுதான் வேலையை விட்டு ஓடினாள் என்று மாடிவீட்டுக்காரி சொல்கிறாளாமே, சொல்லட்டும். நாக்கில் நரம்பா இருக்கிறது, இழுத்துப் பிடிக்க? படத்தைத் திருடியவள் இல்லை இவள், பறிகொடுத்தவள். பறிகொடுத்தவளையே திருடி என்கிற தெருவில், நடந்ததை யாராவது முதலிலிருந்து சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவளை எல்லோரும் உத்துப்பார் என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் மூக்கு இடிக்கப் பார்க்கிற பழக்கம். கணவனின் அண்ணன் நடத்தும் இஸ்திரிக் கடையில், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஜன்னலோர மேசை அவளுடையது. அண்ணன் கல்லாவில் இருப்பார், இவள் தேய்ப்பாள், கணவன் மடித்து அடுக்குவான். ஜன்னல் விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். பெட்டி சூடேறுகிற நேரத்தில் இவள் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போய்விடுவாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லு. அதுக்குப் பிரசவமா பாக்கறே?" என்பான் கணவன்.

அங்கே பழுப்பு நிறத்தில் ஒரு குட்டிச் சிலந்தி வலை கட்டியிருந்தது. ஒருநாள் காற்றில் ஜன்னல் கதவு அடித்துச் சாத்திக்கொண்டதில் அதற்கு ஒரு கால் போயிற்று. மிச்சம் ஏழு. ஏழு காலோடு எப்படி வலை கட்டும்? பார்த்துவிட வேண்டும் அவளுக்கு. தினமும் எடுத்தாள். கட்டியது, கோணல்மாணலாக. அதில் ஒரு படம் பிரமாதமாக அமைந்துவிட்டது. காலை வெயில் பட்டு, சிலந்தி பொன்னில் செய்தது போல உட்கார்ந்திருந்தது. மூலையில் தன் பட்டப்பெயரை எழுதி, தெருவின் வாட்ஸப் குழுவில் போட்டாள். நல்லா இருக்கு என்று நாலு பேர் சொன்னார்கள். அதோடு மறந்துபோனார்கள்.

அப்புறம் ஒருநாள் தெருமுனையில் ஒரு பேனர் முளைத்தது. வீடு வீடாகப் பூச்சிமருந்து அடிக்கிற கம்பெனியின் பேனர். மேலே 'ஒன்றுவிடாமல் ஒழிப்போம்' என்று பெரிய எழுத்து. கீழே அதே பொன் சிலந்தி, ஆள் உயரத்துக்கு. பெயர் இருந்த மூலை வெட்டப்பட்டிருந்தது. இவளுக்குக் கோபம்கூட உடனே வரவில்லை. பேனரில் அதற்கு எட்டுக் கால் இருந்ததே, அந்த எட்டாவது கால் எங்கிருந்து வந்தது?

என் படம் அது என்று சொன்னதும் மாடிவீட்டுக்காரி விட்டாளா?

"பேனர்ல எட்டு இருக்கு, உன்கிட்ட ஏழுதான் இருக்கு. தூக்கிட்டு ஓடி வரும்போது வழியில ஒண்ணு விழுந்துடுச்சா?"

தெருவே சிரித்தது. படத்தை அங்கிருந்து எடுத்துத் தன்னுடையது என்கிறாள் என்ற பேச்சு கடை வாசல் வரை வந்துவிட்டது. இவள் நேரே செல்போன் கடைக்காரரிடம் போனாள்.

"ஒருத்தர் குழுவிலேருந்து எடுத்து இன்னொருத்தருக்கு அனுப்புவாங்க, அவங்க எங்கயாவது போடுவாங்க. ஓட்டைக் குடத்துத் தண்ணிதாம்மா படம்," என்றார் அவர்.

"ஓட்டையை அடைக்கறது எப்படி?"

"பேரை மூலையில போட்டா வெட்டிடுவாங்க. நடுவுல போடுங்க."

அங்கேயே போட்டுப் பார்த்தாள். சிலந்தி பள்ளிக்கூடத்துக்கு அட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியது போல இருந்தது. கடைக்காரரே சிரித்துவிட்டார்.

"சரி, விடுங்க. இனிமே சின்னதா சுருக்கி அனுப்புங்க, பெரிய படம் உங்ககிட்டயே இருக்கட்டும். இன்னொண்ணு, திருடினவன்கிட்ட ஒரே ஒரு படம்தான் இருக்கும். அதுக்கு முன்னாடி எடுத்தது, பின்னாடி எடுத்தது எதையாவது அழிச்சிட்டீங்களா?"

அவளா அழிப்பாள்? போன் நிரம்பி வழிகிறது என்று கணவன் தினம் புலம்புவதே அதற்காகத்தானே.

இங்கேதான் சிக்கல். இஸ்திரிக் கடைக்குப் பெரிய வாடிக்கையே அந்தப் பூச்சிமருந்துக் கம்பெனிதான். அவர்கள் ஆட்களின் சீருடை மூட்டை மூட்டையாக வரும். அண்ணன் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "அவங்க சட்டையைத் தேய்ச்சுத்தான் நம்ம அடுப்பு எரியுது. வாயைத் திறக்காதே."

கம்பெனி சூப்பர்வைசர் சீருடை வாங்க வந்தார். இவள் திறந்தது வாயை இல்லை, போனை. எட்டுக் காலோடு சிலந்தி, ஏழு காலோடு அதே சிலந்தி, கழற்றிப் போட்ட சட்டையாய்த் தொங்கும் அதன் தோல், தோலுரித்த பின் கால் போன இடத்தில் நூலாக முளைத்த புதுக் கால் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். சூப்பர்வைசர் நல்ல மனுஷன். மென்று விழுங்காமல் சொல்லிவிட்டார்.

"கம்ப்யூட்டர் பாக்கற பொண்ணு நெட்ல எடுத்ததும்மா. ஏழு காலோட போட்டா ஜனங்க போன் நம்பரை விட்டுட்டு காலை எண்ணுவாங்கன்னு, பக்கத்துக் காலையே திருப்பி ஒட்டிட்டா."

இவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எட்டாவது கால் வந்த வழி தெரிந்துவிட்டதே!

"தப்புதான். பேனர்ல உங்க பேரைப் போட்டுடறோம். பெருசாவே போடறோம்," என்றார் அவர்.

அண்ணன் முகம் மலர்ந்தது. ஊர் வாயும் மூடும், வாடிக்கையும் போகாது. இவளுக்கும் முதலில் இனிக்கத்தான் செய்தது. அப்புறம் அந்தப் பேனரை மனதில் ஓட்டிப் பார்த்தாள். மேலே ஒன்றுவிடாமல் ஒழிப்போம், நடுவில் அவள் சிலந்தி, கீழே அவள் பெயர். காலிழந்தும் வலை கட்டிய ஜீவனைக் கொல்லச் சொல்லி அவளே கையெழுத்துப் போட்ட மாதிரி.

"பேர் வேண்டாங்க. படத்தை இறக்கிடுங்க."

"வேன்லகூட ஒட்டியாச்சேம்மா..."

"ஒட்டினதை உரிக்கலாமே."

அண்ணன் கல்லாவிலிருந்து எழுந்தார். "குடுக்கற மரியாதையை வாங்கிக்கத் தெரியணும். பேரைப் போடறாங்க, பேசாம தேய்."

"இவங்க சட்டையை நான் தேய்க்கமாட்டேன், மாமா."

"அப்போ வாசல் அந்தப் பக்கம்."

கோபத்தில் விட்ட வார்த்தைதான், அவளும் அறிவாள். ஆனாலும் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். ஒரு கை தேய்த்து ஒரு கை கசங்கிய சீருடை மேசையில் கிடந்தது. மடித்துக்கொண்டிருந்த கணவன் மெதுவாகக் கேட்டான்.

"எங்க போறே?"

"பேனர் கீழ நிக்கப் போறேன். அதை இறக்கற வரைக்கும், வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் ஏழு காலைக் காட்டுவேன்."

"சார்ஜ் இருக்கா?"

"பாதி இருக்கு."

அவன் சுவரிலிருந்து சார்ஜரைப் பிடுங்கி நீட்டினான். அண்ணன் அவனை முறைத்தார். அவள் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கினாள்.