உனக்குக் கொழுப்பு

ஸ்கேன் அறைக்கு வெளியே டாக்டர் சொன்னதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. "உங்க ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு. இப்படியே தானம் கொடுக்க முடியாது."

என் தங்கை செல்விக்கு ஈரல் சுருங்கிக்கொண்டிருந்தது. என் ஈரலில் ஒரு பகுதியை அவளுக்கு வைப்பதாக ஏற்பாடு. வீட்டில் வேறு யாருடையதும் பொருந்தவில்லை. சிரிப்பு அடங்கியதும் கேட்டேன்.

"நான் குடிச்சதே இல்லியே டாக்டர்?"

"குடிக்காதவங்களுக்கும் வரும்."

கேளம்பாக்கத்தில் கம்பெனி வேன் ஓட்டுகிறேன். நாளெல்லாம் உட்கார்ந்தே வேலை. தோலுக்கடியில் இடம் போதாத கொழுப்பு ஈரலுக்குள்ளும் தசைநார்களின் இடுக்கிலும் போய்த் தங்குமாம். கொழுப்பேறிய தசை, இன்சுலின் (இரத்தத்துச் சர்க்கரையைத் தசைக்குள் சேர்க்கும் சுரப்பு) சொல்வதைக் கேட்காது. தசை வாங்காத சர்க்கரையை ஈரல் கொழுப்பாக்கிக்கொள்ளும். எனக்கே தெரியாமல் எனக்குள் இவ்வளவு நடந்திருக்கிறது.

சதுரங்கப்பட்டினத்தில் செல்வியின் வீடு. கண் மஞ்சளாகக் கிடந்தவள் சிரித்தாள். "உனுக்குக் கொழுப்புன்னு நான் சொன்னா நம்புனியாணா? இப்ப மெஷினே சொல்லுது!"

இதே நிலையில் இருப்பவர்கள் நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். கொழுப்பு என்றால் எண்ணெய் என்று நினைத்தேன். கறியை விட்டேன், வறுத்த மீனை விட்டேன். ஆவியில் வெந்ததுதானே என்று தட்டு நிறைய இட்லி அடுக்கினேன். மறு ஸ்கேனில் எதுவும் குறையவில்லை. செல்வியின் வயிற்றில் நீர் கோக்கத் தொடங்கியிருந்தது.

"அரிசியும் சர்க்கரையும்தாங்க அங்க கொழுப்பா மாறுது," என்றார் டாக்டர். அன்று வேனுக்குள் உட்கார்ந்து அழுதேன்.

சோறு ஒரு கரண்டியானது. மீன் குழம்பும் கீரையும் கூடின. வேலை முடிந்து கடற்கரை மணலில் மூச்சிரைக்க நடந்தேன். தொப்பை பெரிதாகக் குறையவில்லை. ஆனால் அடுத்த ஸ்கேனில் ஈரல் தெளிந்திருந்தது. "முதல்ல அங்கேருந்துதான் கரையும்," என்றார் டாக்டர். வருஷக்கணக்கில் நான் திணித்ததை அது மழைக்காலம் முடிவதற்குள் இறக்கி வைத்துவிட்டது. கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மீதி ஈரல் எனக்குள் வளர்ந்தது. கொடுத்தது அவளுக்குள் வளர்ந்தது. நான் தூங்கும்போதும் வளர்ந்திருக்கிறது. இப்போது சாப்பிட உட்கார்ந்தால் வலது விலாவுக்கடியில் தானாகக் கை போகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை என் தட்டிலிருந்த பெரிய மீன் துண்டைச் செல்வி எடுத்துக்கொண்டாள்.

"இன்னா கொழுப்புடி உனுக்கு!" என்றேன்.

அவள் தன் வயிற்றைத் தொட்டாள். "ஏதுணா? அதான் கரைச்சிட்டுக் குட்த்தியே."