இரவல் கடலும் கருவாட்டுப் பாட்டும்

எருக்கலம்பிட்டி நசீர் ஹாஜியார் என் ஸ்ரூடியோவுக்குள் செருப்பைக் கழற்றாமல் வந்தபோதே, ஏதோ பெரிதாகக் கெட்டுப்போய்விட்டது என்று எனக்கு விளங்கியது.

"தங்கச்சி, பாட்டை நிப்பாட்டிப் போட்டானுகள்" என்றார்.

பாட்டுப் பதிவு செய்கிற வேலையிலேயே எனக்கு வயது போய்விட்டது. திருநாள் கீதங்கள், கலியாண வாழ்த்து, மரண அறிவித்தல், தேர்தல் காலத்தில் ஒரே மெட்டில் இரண்டு கட்சிகளுக்கு இரண்டு பாட்டு என்று எல்லாம் செய்திருக்கிறேன். அவை ஒன்றிலும் வராத சிக்கல் இந்தக் கருவாட்டுப் பாட்டில் வந்தது. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் என்னிடம் மைக்கை எங்கே வைப்பது என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முதலே தெரிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. அதனால் இதை எழுதி வைக்கிறேன்.

சும்மா கிடைத்தது

ஹாஜியார் கருவாட்டைப் பக்கற்றில் அடைத்து விற்கிறவர். கொழும்பில் பல கிளைகள் உள்ள ஒரு சுப்பர் மார்க்கெற் நிறுவனம் அவருடைய பக்கற்றுகளைத் தன் கடைகளில் வைக்கச் சம்மதித்திருந்தது. கூடவே ஒரு விளம்பரப் பாட்டும் கேட்டது. அதை மன்னாரில், கீரிக் கிராமத்தில், என் வீட்டோடு ஒட்டிய அறையில் பதிந்தேன். பாடியவள் ஜெசிந்தா. கிழமை நாட்களில் ஹாஜியாரின் கொட்டிலில் கருவாடு வெட்டி அடைப்பவள். ஞாயிறுகளில் கோயில் பாடகர் குழுவில் முதல் குரல். "மன்னார்க் கருவாடு, மணக்குது வீடு" என்று அவள் எடுத்தால், கருவாட்டைக் கண்டு மூக்கைப் பொத்துகிறவருக்கும் சோறு கேட்கும்.

"ஏன் நிப்பாட்டினவை?" என்று கேட்டேன்.

"என்ன சொப்ட்வெயாரில செஞ்ச, லைசன்ஸ் எங்க எண்டு கேக்குறானுகள். நீங்க காசு குடுத்து வாங்கினதுதானே?"

"இல்லை ஹாஜியார். அது இலவச மென்பொருள். இணையத்தில சும்மா கிடைக்கும்."

அவர் கதிரையில் மெதுவாக உட்கார்ந்தார். "யா அல்லாஹ்! தங்கச்சி, சும்மா கிடைச்ச எண்டு வெளியில சொல்லிப்போடாதீங்க. பொறகு கருவாட்டையும் சும்மா கேப்பானுகள்."

நான் பாவிக்கிற மென்பொருளை உலகம் முழுவதும் பலர் சேர்ந்து எழுதிப் பொதுவில் விட்டிருக்கிறார்கள். யாரும் எடுக்கலாம், பாவிக்கலாம், திருத்தலாம். அதைத் திருத்தி வெளியே கொடுத்தால் திருத்தத்தையும் திறந்தே கொடுக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அதில் செய்த பாட்டின் மேல் அதை எழுதியவர்களுக்கு ஒரு உரிமையும் கிடையாது. இதை ஹாஜியாருக்கு விளங்கப்படுத்தினேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, ஒரு ரசீது எடுக்கேலாதா?" என்றார்.

கொழும்பு பேசியது

அடுத்த நாள் காணொளியில் பேச்சு. மறுபக்கத்தில் நிறுவனத்தின் சட்ட அலுவலர் பிரசன்னா, கழுத்துப்பட்டியோடு. அவருக்குப் பின்னால் விளம்பரப் பகுதி முகாமையாளர், குளிரூட்டியின் சத்தத்தோடு.

முகாமையாளர்தான் தொடங்கினார். "மிஸ், ஃப்ரீ சொப்ட்வெயாரில செஞ்ச பாட்டுண்டா, பாட்டும் ஃப்ரீ ஆயிரும் தானே? நாளைக்கு மத்தக் கம்பனிக்காரன் எடுத்துப் போட்டா என்ன செய்ற?"

"இலவச ஆஸ்பத்திரியில பிறந்த பிள்ளை அரசாங்கத்தின்ர பிள்ளையா சேர்?" என்று கேட்டேன்.

பிரசன்னா சிரித்துவிட்டுச் சிரிப்பை அடக்கினார். முகாமையாளர் சிரிக்கவில்லை. "எங்களுக்குக் கையெழுத்து, சீல் உள்ள லைசன்ஸ் வேணும். இல்லாட்டி கொழும்பில எங்கட ஸ்ரூடியோ ஒண்டு இருக்கு. அங்க வேற பாடகிய வச்சுத் திரும்ப எடுப்பம்" என்றார்.

ஜெசிந்தா எனக்குப் பக்கத்தில், கமெராவில் படாமல் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் கொட்டிலுக்கு லீவு போட்டிருந்தாள். பேச்சு முடிந்ததும், "என்ர குரலுக்கும் லைசன்ஸ் வேணுமாமோ அக்கா?" என்று மட்டும் கேட்டாள். பாட்டுக் கொழும்புக்குப் போகிறது என்று கொட்டிலில் எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். 

அவர்கள் சொன்ன கொழும்பு ஸ்ரூடியோவில் வேலை செய்கிற ஒருவரை எனக்குத் தெரியும். அங்கே எப்படி லைசன்ஸ் காட்டுகிறார்கள் என்று கேட்டுப் படிக்கலாம் என்று போன் எடுத்தேன்.

"அக்கா, நம்மட சொப்ட்வெயார் எல்லாம் கிராக் பண்ணினதுதான்" என்றார் அவர், நேரம் என்ன என்று சொல்வது போல. "ஆனா லெட்டர்ஹெட் இருக்கு. 'சகலதும் முறையான அனுமதியுடன்' எண்டு அதில ஒரு கடிதம் அடிச்சுக் குடுப்பம். நல்ல தடிச்ச பேப்பர்."

ஆக, களவெடுத்த மென்பொருளுக்குச் சீல் இருந்தது. எழுதியவர்களே மனமுவந்து கொடுத்த மென்பொருளுக்குச் சீல் இல்லை. ஹாஜியாரிடம் இதைச் சொன்னபோது அவர் உற்சாகமாகி, "அந்தப் பேப்பர் எங்க விக்குது?" என்று கேட்டார்.

பிறத்தியார் கடல்

பிரசன்னா அந்தக் கிழமையே தனியாக அழைத்தார். இந்த முறை கழுத்துப்பட்டி இல்லை.

"மிஸ், நான் அந்த லைசன்ஸ முழுக்க வாசிச்சேன். நீங்க சொன்னது சரி. மென்பொருளால பிரச்சினை இல்ல. மெனேஜருக்கு நான் எழுதிக் குடுக்கிறேன்" என்றார். நான் நன்றி சொல்லிப் போனை வைக்கப் போனேன். "இருங்க. பாட்டுக்குள்ள இருக்கிற மத்தச் சத்தமெல்லாம் எங்கால வந்தது? ஒண்ணொண்ணாப் பாப்பம்."

குரல் ஜெசிந்தாவினுடையது. தபேலா வாசித்தவர் பேசாலையில் இருக்கிறார். கீபோர்ட் நான். எதிரொலி சேர்ப்பதற்குப் போட்டிருந்த சின்னப் பிளக்-இன்னின் நிபந்தனையைத் திறந்து பார்த்தால், வீட்டுப் பாவனைக்கு மட்டும் இலவசம் என்றிருந்தது. அதை எடுத்துவிட்டு, மென்பொருளோடு கூட வருகிற எதிரொலியைப் போட்டேன். வித்தியாசத்தை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, நான் உட்பட.

"ஆரம்பத்தில அலைச் சத்தம் வருதே, அது?"

அது ஹாஜியார் தந்தது. கனடாவில் இருக்கிற மருமகன் இணையத்திலிருந்து இறக்கி அனுப்பியிருந்தார். கருவாட்டுப் பாட்டென்றால் கடலடித்துத் தொடங்க வேண்டும் என்பது ஹாஜியாரின் விருப்பம். மருமகனிடம் கேட்டு அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்தோம். ஐரோப்பாவின் வடக்கே ஏதோ ஒரு கரையில் ஒரு மனிதர் பதிந்த அலை. யாரும் இலவசமாக எடுக்கலாம், வணிக நோக்கத்துக்கு மட்டும் கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தார். கருவாடு விற்பது வணிக நோக்கம் இல்லை என்று வாதாட ஹாஜியாராலும் முடியவில்லை.

பிரசன்னா அதையும் குறித்துக்கொண்டார். பிறகு மரியாதையாகத்தான் கேட்டார்: "மிஸ், உங்கட பக்கத்தில கடல் இல்லியா?"

என் ஸ்ரூடியோ ஜன்னலைத் திறந்தால் கடல். அந்தச் சத்தம் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காகவே ஜன்னலை அடைத்து, அதன் மேல் பஞ்சு மெத்தை கட்டி, மெத்தைக்கு மேல் கம்பளி தொங்கவிட்டிருக்கிறேன். வீட்டுக் கடலை வெளியே நிறுத்திவிட்டு, ஊர் பெயர் தெரியாத ஒரு கடலை உள்ளே கூப்பிட்டு வைத்திருந்தோம்.

அரிப்பு

முதலில் கீரியிலேயே முயன்றோம். கீரிக் கடல் அன்றைக்குக் குளம் மாதிரிக் கிடந்தது. ரெக்கோர்டரைக் கிட்டப் பிடித்தால், யாரோ கால் கழுவுகிற சத்தம்தான் வந்தது. நல்லதாக ஒரு அலை எழும்புகிற நேரம் பார்த்துப் பின்னால் ஒரு கழுதை கத்தியது. மன்னாரில் கழுதை இல்லாமல் வெளிப்பதிவு செய்வது கஷ்டம். "இதையும் போடுவம் அக்கா, இதுக்கு லைசன்ஸ் கேக்காயினம்" என்றாள் ஜெசிந்தா.

தென்மேற்குக் காற்றுக் காலம். அலை வேண்டுமென்றால் தெற்கே அரிப்பு என்கிற கரையூர்ப் பக்கம் போக வேண்டும் என்று சொல்லி, ஹாஜியார் தன் வான் வண்டியில் எங்களைக் கூட்டிப் போனார். எனக்கு முழங்கால் வருத்தம். தண்ணீருக்குள் இறங்க முடியாது. ஜெசிந்தாதான் பாவாடையை உயர்த்திச் செருகிக்கொண்டு, காற்றுக்கு மறைப்பாகத் தன் துவாயை மைக்கில் சுற்றி, முழங்காலுக்கு மேல் வருகிற தண்ணீரில் போய் நின்றாள். நான் கரையில், நீண்ட வயரின் மறுமுனையில் இருந்து ஹெட்போனில் கேட்டேன்.

கடற்படைச் சிப்பாய் ஒருவர் நடந்து வந்தார். "மொனவத கரன்னே?" என்றார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறார்.

"முஹுத ரெக்கோட் கரனவா" என்றேன். கடலைப் பதிகிறோம்.

அவர் கடலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தண்ணீருக்குள் துவாயைத் தூக்கிப் பிடித்து நின்ற ஜெசிந்தாவைப் பார்த்தார். "பர்மிட்?"

பாட்டுக்கு வேறு யாரோ ஒருவருடைய கடலைப் போட அனுமதி இல்லை என்பதால் எங்கள் கடலுக்கு வந்தோம், எங்கள் கடலுக்கும் அனுமதி கேட்கிறார்கள். என் அரைகுறைச் சிங்களத்தில் கருவாட்டில் தொடங்கிக் கனடா வரைக்கும் சொன்னேன். விளங்கியதோ என்னவோ, ஹெட்போனைக் கேட்டு வாங்கிக் காதில் வைத்தார். முகம் மாறியது. தினமும் கேட்கிற சத்தத்தை முதல் தடவை கேட்கிறவர் போலக் கண்ணை மூடி நின்றார். பிறகு தெற்கே கையைக் காட்டி, "அங்க கல்லு. சத்தம் நல்லம்" என்று தமிழில் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்ன கற்களில்தான் எங்களுக்கு வேண்டிய அலை இருந்தது.

புது மிக்ஸைக் கேட்ட ஹாஜியார் திருப்திப்படவில்லை. "இது கடல் மாதிரி இல்லியே. மருமகன் அனுப்பினதுதான் நல்ல கடல் மாதிரி இருந்திச்சு."

"ஹாஜியார், உங்கட கருவாடு எந்தக் கடலில பிடிச்சது?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"சரி, அனுப்புங்க தங்கச்சி" என்றார் அவர்.

பிரசன்னா எல்லாவற்றையும் எழுதி முகாமையாளரிடம் கொடுத்தார். அவர் சம்மதித்தார். தடித்த பேப்பரில் அச்சடித்துக் கொடுத்ததால்தான் சம்மதித்தார் என்று பிரசன்னாவே பின்னர் சொன்னார். ஜெசிந்தாவின் குரலில், அரிப்பின் அலையோடு, பாட்டு வெளிவந்தது. கொட்டிலில் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பெண்கள் எல்லாரும் ஒரு போனைச் சுற்றி நின்று கேட்டார்கள் என்று ஹாஜியார் சொன்னார். வேலை கெட்டுப்போனது என்பதுதான் அவருடைய முறைப்பாடு.

யார் கேட்டது

கொஞ்ச நாள் போனது. விளம்பரப் பகுதி முகாமையாளரே என்னை அழைத்தார். குரலில் தேன்.

"மிஸ், அந்தக் கடல் சத்தம் மிச்சம் நல்லம். எங்கட சவர்க்கார விளம்பரத்துக்கும் போடப் பாக்குறம். சும்மா தருவீங்க தானே? கடல் தானே!"

நான் ஜெசிந்தாவைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். தண்ணீருக்குள் நின்று பதிந்தவள் அவள். அவள் யோசித்துவிட்டு, "சும்மாவே குடுங்கோ அக்கா. ஆனா பேர் போடச் சொல்லுங்கோ" என்றாள்.

முகாமையாளர் திகைத்துப்போனார். பெயர் போடுவது நிறுவனத்தின் வழக்கம் இல்லையாம். காசு வேண்டுமென்றால் பேசிப் பார்க்கலாமாம்.

"காசு வேண்டாம் சேர். எங்கட லைசன்ஸ் இதுதான். யாரும் எடுக்கலாம், வியாபாரத்துக்கும் எடுக்கலாம், பேர் மட்டும் போட வேணும். உங்கட சட்ட அலுவலரைக் கேளுங்கோ, அவர் விளங்கப்படுத்துவார்."

பிரசன்னா விளங்கப்படுத்தியிருக்க வேண்டும். பெயர் போட்டார்கள்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். 'இலவசம்' என்ற ஒரு சொல்லுக்குள் பல விதமான கொடைகள் இருக்கின்றன. ஒருவர் எதற்கும் எடு என்கிறார், ஒருவர் வீட்டில் மட்டும் பாவி என்கிறார், ஒருவர் விற்காதே என்கிறார், ஒருவர் என் பெயரைச் சொல் என்கிறார். காசு கேட்காதவர் ஒன்றுமே கேட்கவில்லை என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு சத்தத்தையும் ட்ராக்கில் போடுவதற்கு முன்னால், அதைத் தந்தவர் என்ன கேட்டிருக்கிறார் என்று வாசியுங்கள்.

சவர்க்கார விளம்பரம் தொலைக்காட்சியில் வந்த அன்று ஜெசிந்தாவின் வீட்டில் இருந்தேன். கடைசியில், திரையின் கீழ் மூலையில், எறும்பளவு எழுத்தில் ஒரு வரி வந்து போனது. எனக்குக் கண்ணாடி போட்டும் பிடிபடவில்லை. அவள் போனில் படமெடுத்துப் பெருப்பித்துப் பார்த்தாள். எழுத்துக் கலங்கித் தெரிந்தது.

"ஜெசிந்தா எண்டுதான் இருக்குதோ?" என்று கேட்டேன்.

"ஓம் அக்கா" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அரிப்பு எண்டும் போட்டிருக்கிறாங்கள்."