பழைய மெஷினுக்குக் கையெழுத்துப் போடாத ரோசலின் மேடம்

பகல் ஷிப்டின் டீ நேரத்தில் போன் வந்தது. படப்பையில் மெஸ் நடத்தும் தம்பி முருகேசன் பேசினார். "அக்கா, நம்ம ரோசலின் மேடம் பூட்டாங்க. நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறப்ப, வழியிலயே..." மேடம் என்னைவிட எட்டு வயது சிறியவர். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரோசலின் மேடம் மாவட்டத் தொழில் மையத்தில் கள அலுவலர்; சேரப்பணஞ்சேரிக்காரர். சிறுதொழில் தொடங்குகிறவர்களின் மானியக் கடன் மனுவைப் படித்து, இடத்துக்கே வந்து இயந்திரங்களைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது அவர் வேலை. அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் மானியம் இல்லை.

இருங்காட்டுக்கோட்டைக் கம்பெனிகளுக்கு வேலைக் கையுறை தைத்துக் கொடுக்க நான் கடன் வாங்கியிருந்தேன். புது மெஷின்தான் வாங்க வேண்டும் என்பது விதி. நானோ பெரிய புத்திசாலி. டீலரிடம் புது மெஷினுக்குப் பில் வாங்கினேன். கைக்கு வந்ததோ, மூடிப்போன ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் பழைய தையல் மெஷின்கள். மிச்சமான கடன் பணத்தை வாடகை ஷெட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். அப்போது இங்கே பலரும் செய்த காரியம்தான். ஆய்வுக்கு வருகிறார்கள் என்றதும், காலையிலேயே உட்கார்ந்து எல்லா மெஷினுக்கும் பச்சைப் பெயின்ட் அடித்தேன்.

மேடம் வந்தார். ஒரு மெஷின் மேல் கை வைத்தார். உள்ளங்கை முழுக்கப் பச்சை.

"இன்னாக்கா, மெஷினுக்குத் தீபாவளியா? புதுத்துணி போட்டுகினு நிக்குது" என்று சிரித்தார்.

சிரிப்பு அத்தோடு சரி. பிள்ளைகளைச் சொல்லி அழுது பார்த்தேன். அசையவில்லை. "இந்த வருஷ மானியக் கணக்கு மார்ச்சோட முடிஞ்சிடும், இன்னும் ஒரு வாரம் இருக்கு. பில்லுல இருக்கிற மெஷின வரவைங்க, நான் திரும்பி வரேன். வரலைன்னா உள்ளத உள்ளபடி எழுதிடுவேன். நாலு பேரு ஏமாத்துனா, அஞ்சாவதா நெசமா வர்றவங்களுக்கும் கதவ மூடிடுவாங்கக்கா" என்றார்.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் போன பிறகுதான். அப்புறம் ஷெட்டுக்காரரிடம் சண்டை போட்டு அட்வான்ஸைத் திரும்ப வாங்கினேன். பழசை எடுத்துக்கொண்டு, இந்தப் பணத்தையும் சேர்த்துப் புதுசு கொடு என்று டீலர் கடை வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். புது மெஷின்கள் வந்தன. ஷெட் இல்லாததால் அவற்றை வீட்டுக் கூடத்தில் போட்டேன். கட்டில் வாசலுக்குப் போனது. மார்ச் கடைசி நாள், காய்ச்சலோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார் மேடம். ஒவ்வொரு மெஷின் நம்பரையும் பில்லோடு ஒப்பிட்டார். நின்றபடியே கையெழுத்திட்டார். காபிகூடக் குடிக்கவில்லை. "இப்ப தைங்கக்கா" என்றார். இன்று என்னிடம் பதினோரு பெண்கள் வேலை செய்கிறார்கள்.

நேற்று அடக்கத்தின்போது முருகேசன் என் பக்கத்தில் நின்றார். மெஸ்ஸுக்கு மாவரைக்கும் இயந்திரம் வாங்க அவர் கொடுத்த மனு, மேடத்தின் மேசையில் பாதியில் நிற்கிறது. இந்த மார்ச் தாண்டினால் அதுவும் போயிற்று.

"அந்த ஆபீஸ்ல எனக்கு வேற ஆரக்கா தெரியும்? வுட்டுட வேண்டியதுதான்" என்றார்.

"சும்மா இருப்பா. திங்கக்கெழம பத்து மணிக்குப் பேப்பரெல்லாம் எடுத்துகினு வா. நானும் வரேன்" என்றேன்.

குழியில் ஒரு பிடி மண் போட்டபோது மேடத்திடமும் அதையேதான் சொன்னேன். புதிதாக வரும் அதிகாரி யாராக இருந்தாலும், முருகேசன் இடத்தை நேரில் வந்து பார்க்கும்வரை நான் விடப்போவதில்லை.

போய் வாருங்கள், மேடம். திங்கட்கிழமை உங்கள் காலி நாற்காலிக்கு எதிரே நாங்கள் இருவரும் உட்கார்ந்திருப்போம்.